ஆறடிச் சாமான்

படிக்கட்டில் மாட்டிக்கொண்டவர்கள்: தலைப்பக்கம் தையல்காரர், பஸ் டிரைவர். கால்பக்கம் ரொட்டிக்கடைக்காரம்மா, மகள். நடுவில், பாரம் குறைவான இடமாகப் பார்த்துக் கை கொடுத்திருந்த வாட்ச்மேன். நாலு படி கீழே, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சவ வண்டிக்காரர். மேலே ஐந்தாம் மாடி வாசலில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த அத்தை. பெட்டிக்குள் அப்பா.

பெட்டி வளைவில் திரும்பவில்லை. தலைப்பக்க மூலை சுவரில் முட்டியது. கால்பக்க மூலை கைப்பிடிக் கம்பியில் சிக்கியது. லிப்ட் கூண்டைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற படிக்கட்டு அது. ஒருவர் ஏறி வந்தால் இறங்குகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கட்டியவன் உயிரோடு இருப்பவர்களை மட்டும் மனதில் வைத்துக் கட்டியிருக்கிறான்.

"லேசா சாய்ங்க," என்றார் தையல்காரர்.

"சாய்ச்சா உள்ள அவரு உருளுவாரு," என்றார் பஸ் டிரைவர்.

"உருளட்டும். இருக்கும்போது மட்டும் ஒரு இடத்துல நின்னாரா?"

"ரிவர்ஸ்தான் எடுக்கணும். பின்னாடி பார்த்துச் சொல்லுங்க."

"பின்னாடி நாங்க இருக்கோம்," என்றாள் ரொட்டிக்கடைக்காரம்மா. "எங்க மேல ஏத்திடாதீங்க."

மேலிருந்து அத்தையின் குரல் வந்தது. "என்னடி ஆச்சு? ஏன் நின்னுடுச்சு?"

"திரும்ப மாட்டேங்குது அத்தை."

"அவன் எந்தக் காலத்துல சொன்ன பக்கம் திரும்பினான்?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு விமானம் மாறி, காலை ஆறு மணிக்கு வந்து இறங்கியிருந்தாள். முந்தாநாள் மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். கையில் இருந்த தேநீர் சிந்தவில்லை என்று அத்தை மூன்று தடவை சொல்லிவிட்டாள். ஏதோ அது ஒரு சாதனை மாதிரி. வழி முழுக்க மகள் அழவில்லை. இப்போது சிரித்துவிட்டால் நன்றாக இருக்காது.

"பதினொன்னரைக்கு மயானத்துல நேரம் குடுத்திருக்காங்க," என்றார் வண்டிக்காரர். "விட்டா நாளைக்கு மத்தியானம்தான்."

நாளைக் காலை மகளுக்குத் திரும்பும் விமானம். கைபேசியில் மேலாளரிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு வரி. திங்கட்கிழமை அறிக்கை பற்றி நாலு வரி.

"சரி, மேல ஏத்துங்க," என்றாள். "இப்படியே போனா சுவரை இடிக்கணும்."

மூச்சு வாங்க எட்டுப் படி ஏறி, பெட்டியை ஐந்தாம் மாடி லிப்ட் வாசல் முன்னால் இறக்கி வைத்தார்கள். காலி பெட்டி இதே லிப்டில்தான் மேலே வந்தது, நிமிர்த்தி வைத்து. நாலரை அடி ஆழமுள்ள லிப்டில் ஆறடிப் பெட்டி படுக்காது.

"டாக்டரம்மா, நீங்க இனிமே தூக்காதீங்க," என்றார் தையல்காரர் நெற்றியைத் துடைத்தபடி. "உங்க கை எப்பேர்ப்பட்ட கை."

மகள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"என்னையா சொல்றீங்க?"

"வேற யாரு? என் கழுத்தைக் காப்பாத்தின கை இல்லையா?"

அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை சேலைத் தலைப்பில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

"அத்தை, ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

உள்ளே, அப்பாவின் அறையில், தையல்காரர் வீட்டிலிருந்து இரவலாக வந்த ஏசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மகள் அதை அணைத்தாள்.

"நான் எப்ப டாக்டர் ஆனேன்?"

"ஆறேழு வருஷம் ஆச்சு," என்றாள் அத்தை. "யாரோ கேட்டாங்க, பொண்ணு வெளிநாட்டுல என்ன பண்றான்னு. கன்சல்டன்ட்டுன்னான் உங்கப்பன். கன்சல்டன்ட்டுன்னா இங்க என்ன? ஆஸ்பத்திரியில கதவுல பேரு போட்டு உக்காந்திருக்கிறவங்கதானே? அவங்களா நினைச்சுக்கிட்டாங்க."

"அப்பா இல்லைன்னு சொல்லலையா?"

"சொல்லல."

"நீங்க?"

"நான் எதுக்குச் சொல்றேன்? டாக்டருக்கு அத்தைன்னா ரொட்டிக் கடையில வரிசையில நிக்க வேண்டாம்."

"விளையாடாதீங்க அத்தை. ஏன் சொல்லல?"

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஏன்னா உனக்கே தெரியுமே," என்றாள் பிறகு.

தெரியும். கடல் தாண்டி ஒரு நாட்டில் அவள் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட். திங்கட்கிழமை காலை பெட்டியோடு கிளம்பி, வெள்ளிக்கிழமை இரவு திரும்புகிற வேலை. ஒரு வருஷம் சோப்புத் தொழிற்சாலை, அடுத்த வருஷம் மருந்துக் கிடங்கு. இருபது வருஷமாக ஒரு வேலையைச் செய்கிறவனிடம் போய், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு ஹோட்டல். போன வாரத்து அறையின் கதவில் இந்த வாரத்துச் சாவி அட்டையை வைத்துப் பார்த்து, திறக்காமல் நின்ற நாட்கள் உண்டு. பதினான்கு வருஷமாக இதுதான்.

அப்பா லிப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிப்டைப் பொருத்தியவரே அவர்தான். மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவருடைய கம்பெனிக்கு ஒரு ஆள் வந்தான். கழுத்தில் ஒரு டை, அதன் மேல் ஒரு நிறுத்துக் கடிகாரம். இரண்டு வாரம் அப்பாவின் பின்னாலேயே சுற்றினான். பிறகு அறிக்கை வந்தது. நூறு நிமிஷ வேலையில் முப்பத்தெட்டு நிமிஷம் குடியிருப்பவர்களோடு பேச்சு. அந்தக் கட்டத்துக்கு மேல் 'வீண்' என்று தலைப்பு. அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். "சரியாத்தான் எண்ணியிருக்கான்," என்று மட்டும் அப்பா சொன்னார்.

ஆறு வருஷம் கழித்து மகளுக்கு அதே தொழிலில் வேலை கிடைத்தது. கடிதத்தை வாசித்துக் காட்டினாள். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடிகாரம் அவங்களே குடுப்பாங்களா?"

அதற்குப் பிறகு அவளுடைய வேலையைப் பற்றி அவர் நேராக எதுவும் கேட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, சாப்பாடு, தண்ணீர், மழை எல்லாம் முடிந்த பிறகு, ஒரு புதிர் போடுவார். ஒரு ஆள் நாள் முழுக்க ஒரே பக்கம் திரும்பித் திரும்பி வேலை செய்யறான், நீ போனா என்ன சொல்லுவ? ஒரு அம்மாவுக்கு எந்த வேலையையும் அடுத்தவங்க கையில விட மனசு வரல, நீ என்ன சொல்லுவ? குத்திக்காட்டுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். உன் தொழில் இவ்வளவுதானே என்று. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், கட்டணம் கட்டுகிற கம்பெனிக்குச் சொல்வதுபோலவே யோசித்துப் பதில் சொல்வாள். அவர் "ம்" என்பார். வைத்துவிடுவார்.

"வெக்கப்பட்டாரா?" என்று கேட்டாள் மகள்.

"எனக்கு என்னடி தெரியும்? அவன் வாயைத் திறந்து என்கிட்ட எதைச் சொன்னான்?" அத்தை எழுந்தாள். "ஆனா ஒண்ணு. இன்னிக்கு அவன் போற நாள். அவனைப் பொய்யன் ஆக்கி அனுப்பாத. போய் டாக்டராவே நில்லு. ஒரு மணி நேரம்தானே."

மகள் வெளியே வந்தாள். பெட்டியைச் சுற்றிப் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரம்மா துணிப்பையிலிருந்து ஆளுக்கொரு பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் தன்னுடையதைப் பெட்டி மேல் வைக்கப்போய், சுதாரித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கழுத்துக்கு நான் என்ன வைத்தியம் சொன்னேன்?" என்று தையல்காரரிடம் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மறந்துட்டீங்களா? ஆயிரம் பேரைப் பார்க்கறவங்க. நாலு வருஷம் கழுத்து வலி. எல்லா டாக்டரும் மாத்திரை எழுதினாங்க. நீங்க மட்டும்தான், அடிக்கடி எடுக்கிற சாமானைக் கை எட்டுற தூரத்துல வைன்னு உங்கப்பாகிட்ட சொல்லி அனுப்பினீங்க. கத்திரிக்கோலும் நூல்கண்டும் எனக்கு இடது பக்கம் பின்னாடி இருந்துச்சு. எடுத்து வலது பக்கம் முன்னாடி வச்சேன். ரெண்டே வாரம்." கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார், புதுப் பொருளை விற்பனைக்குக் காட்டுகிற மாதிரி.

ஒரே பக்கம் திரும்பித் திரும்பி வேலை செய்கிற ஆள். மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு வயிறு," என்றார் பஸ் டிரைவர், தன் முறைக்குக் காத்திருந்தவர் போல. "எதை நிறுத்தினா யாருமே கவனிக்க மாட்டாங்களோ அதை முதல்ல நிறுத்துன்னு சொன்னீங்களாம். உக்காந்து யோசிச்சேன். தினமும் டிப்போவுல இருந்து என் மச்சானுக்கு போன் பண்ணி, அவன் வாங்கின வீடு, அவன் வாங்கின காரு எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தேன். நிறுத்தினேன். அவன் கவனிக்கவே இல்ல. வயித்தெரிச்சல் போயிடுச்சு."

"எந்த வயித்தெரிச்சல்?" என்றார் வாட்ச்மேன்.

"ரெண்டும்தான்."

தையல்காரர் சிரித்ததில் பன் துகள் பெட்டி மேல் தெறித்தது. அவரே கைக்குட்டையால் துடைத்தார்.

"எனக்குத் தூக்கம்," என்று தொடங்கினாள் ரொட்டிக்கடைக்காரம்மா. "அடுப்பை அணைச்சோமா, மாவு மூடினோமான்னு ராத்திரி நாலு தடவை எந்திரிப்பேன். ஒரு வேலையை முழுசா அடுத்தவங்க கையில குடு, குடுத்துட்டுத் திரும்பிப் பார்க்காதன்னு பதில் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் கையில குடுத்தேன். இப்ப நான் நல்லாத் தூங்கறேன். அவருதான் தூங்கறதில்ல. அதான் இன்னிக்கு வரல, கடையில உக்காந்தபடியே தூங்கறாரு."

மகள் இந்தத் தடவை அடக்கவில்லை. சிரித்தாள். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. வாசலில் நின்ற அத்தைகூடச் சிரித்தாள். எல்லாரும் சிரித்து முடித்துப் பெட்டியைப் பார்த்தார்கள். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

அப்போது வண்டிக்காரர் நாலு படி ஏறி வந்தார். அவர் மட்டும்தான் இதுவரை சிரிக்கவில்லை.

"டாக்டரா நீங்க?" குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மாசமா எனக்கு மாடி ஏறினா நெஞ்சுல ஒரு மாதிரி இறுக்குது. இடது கை மரத்துப்போகுது. நின்னா சரியாயிடுது. கேஸ் டிரபிள்தானே அது?"

எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை ஆமென்றும் தலையாட்டவில்லை, வேண்டாமென்றும் தலையாட்டவில்லை.

ஒரு மணி நேரம்தானே. கேஸ் என்று சொன்னால் அவர் சந்தோஷமாக வண்டி ஓட்டுவார். தெரியாது என்று சொன்னால், பெட்டிக்குள் இருக்கிறவர் ஆறு வருஷம் ஊரை ஏமாற்றியவர் ஆவார்.

"நான் டாக்டர் இல்ல," என்றாள் மகள். "ஒரு நாளும் டாக்டரா இருந்ததில்ல. கம்பெனிகளுக்குப் போய் வேலையை எப்படிச் செய்யறதுன்னு சொல்ற ஆளு. அதுவும் கன்சல்டன்ட்டுதான். ஆனா உடம்பைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றதைக் கேட்டா எனக்குப் பயமா இருக்கு. மயானத்துல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கு இல்ல. இன்னிக்கு."

கீழே எங்கோ ஒரு வீட்டில் குழாய் ஓடி நின்றது. தையல்காரரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது, வலி திரும்பிவிட்டதா என்று பார்க்க.

"அப்ப என் வயிறு?" என்றார் பஸ் டிரைவர்.

"சரியாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா, ஆயிடுச்சு." அவர் யோசித்தார். "ஆனா இப்ப அது டாக்டர் சொல்லி ஆனது இல்லையே."

"சரியான வயித்தை என்னய்யா திரும்பக் குடுக்கப் போறியா?" என்றாள் ரொட்டிக்கடைக்காரம்மா. பன் பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"டாக்டர் இல்லன்னு. தூக்கம் வந்த சந்தோஷத்துல லிப்ட்காரருக்கு ஒரு கேக்கு கொண்டுபோய்க் குடுத்தேன். உங்க டாக்டர் பொண்ணுக்கு அனுப்புங்கன்னேன். உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாரு. டாக்டர் இல்லம்மா, அதைவிடக் கஷ்டமான வேலைன்னாரு. டாக்டர்கிட்ட நோயாளி தானா வந்து வலிக்குதுன்னு சொல்லுவான். என் பொண்ணு போற இடத்துல எல்லாம், எங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னுதான் சொல்லுவாங்க. அவ கேட்டுக் கேட்டு வலிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கணும்னாரு."

மகள் பெட்டியின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் ஏன் ஊர்ல டாக்டர்னு விட்டு வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். டாக்டர் சொன்னா கேக்கறாங்க, கம்பெனி ஆளு சொன்னான்னா எவன் கேப்பான், நானே கேக்க மாட்டேனேன்னு ஒரே சிரிப்பு. இன்னொண்ணும் சொன்னாரு. இதுக்குப் போயி நான் ஒருதரம் இந்தப் பொண்ணு மனசு நோகும்படி கேட்டுட்டேன், இப்ப அதைத் திருப்பி எடுக்க வழி தெரியல, அதான் வாராவாரம் வேலை குடுத்துக்கிட்டு இருக்கேன்னாரு. எனக்கு அது என்னன்னு புரியல. உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது," என்றாள் மகள்.

"கேக்கு?" என்றாள் அத்தை வாசலிலிருந்து. "என் கண்ணுல காட்டவே இல்லையே, பாவி."

வண்டிக்காரர் இருமினார். "ஆஸ்பத்திரிக்குப் போறேன். சத்தியமா போறேன். ஆனா முதல்ல இவரை எப்படி இறக்குறது? மணி பத்து ஐம்பது."

நிமிர்த்தி வைத்து லிப்டில் இறக்கலாம் என்றார் வாட்ச்மேன். அவருக்கு நின்றுகொண்டு போவதுதான் பிடிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். கூடப் பிறந்தவனைக் குடை மாதிரி மூலையில் சாய்த்துக் கொண்டுபோக விடமாட்டேன் என்றாள் அத்தை.

மகள் லிப்ட் கதவைத் திறந்து உள்ளே நின்றாள். அவளுடைய தொழிலில் பாலபாடம் ஒன்று உண்டு. ஒரு விஷயம் நடக்கவில்லை என்றால் ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாவதிலேயே யாராவது முகத்தைச் சுளிப்பார்கள். அப்போதுதான் இன்னும் இரண்டு கேட்க வேண்டும்.

"இந்தக் கட்டடத்துல இதுக்கு முன்னாடி யாரும் சாகலையா?" என்றாள்.

"ஏன் சாகல? மூணாவது மாடி வாத்தியாரு. நாலாவது மாடியில அந்தத் தபால்கார அம்மா."

"அவங்க எப்படிக் கீழ போனாங்க?"

"லிப்ட்லதான்."

"படுத்தா, நின்னா?"

வாட்ச்மேன் லிப்டுக்குள் எட்டிப் பார்த்தார். "தெரியலையே. எல்லாரும் கீழ போய் நில்லுங்க, நான் கொண்டாறேன்னு லிப்ட்காரருதான் சொல்லுவாரு. வேலைய விட்டுப் போனப்புறமும் அவரேதான். கீழ கதவு திறந்தா படுத்தபடிதான் வந்திருப்பாங்க."

"நாலரை அடியில எப்படிப் படுத்தாங்கன்னு யாரும் கேக்கலையா?"

"சாவு வீட்டுல போயி அடி அளந்துக்கிட்டு இருப்பாங்களா?"

மகளுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்த புதிர் நினைவுக்கு வந்தது. ஹோட்டல் அறையில் அறிக்கை எழுதிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். ஆறடிச் சாமானை நாலரை அடி அறையில வைக்கணும், நீ போனா என்ன சொல்லுவ என்று கேட்டார் அப்பா. சாமானை மாத்த முடியாதுப்பா, அறையைத்தான் மாத்தணும் என்று எரிச்சலோடு சொன்னாள். அப்பா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "பிடிச்சிட்ட. சாவி நீலத் தகர டப்பாவுல இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ," என்றார். வயசாகிவிட்டது, பேச்சு எங்கேயோ போகிறது என்று நினைத்து, சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

மற்ற புதிர்களுக்கெல்லாம் ஒரு ஆள் இருந்தான். இதற்கும் இருந்திருக்கிறான்.

"அத்தை, நீலத் தகர டப்பா எங்க இருக்கு?"

"அவன் கட்டிலுக்கு அடியில. திருகாணியா இருக்கும். எதுக்குடி?"

டப்பாவில் திருகாணிகளுக்கு மேல், தேட வேண்டிய அவசியமே இல்லாமல், முக்கோணத் துளையுள்ள ஒரு சாவி இருந்தது. மகள் அதை எடுத்துக்கொண்டு லிப்டுக்குள் போய் மண்டியிட்டாள். பின்சுவரில், முழங்கால் உயரத்தில், 'சாய்ந்து நிற்காதீர்கள்' என்று ஒரு ஸ்டிக்கர். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது. நகத்தால் உரித்தாள். அடியில் சாவித் துளை.

"அடப்பாவி மனுஷா," என்றார் தையல்காரர். "இருபத்தஞ்சு வருஷமா நான் சாயாம நின்னேனே!"

சாவி ஒரே திருப்பில் திரும்பியது. இடுப்பளவு உயரமுள்ள ஒரு சின்னக் கதவு லிப்டின் உள்பக்கமாகத் திறந்தது. அதற்குப் பின்னால், லிப்டோடு சேர்ந்தே தொங்குகிற இரும்புப் பெட்டி போல், இரண்டடி ஆழத்துக்கு ஒரு மாடம். பெருக்கித் துடைத்திருந்தது. கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதியிருந்தது. அப்பாவின் கையெழுத்து, லிப்ட் பழுது பார்க்கும்போது ஒட்டிவைக்கிற அட்டைகளில் எழுதுவாரே, அதே கட்டை எழுத்து.

தலைப்பக்கம் முதலில். தூக்கி வைக்கவும். தள்ள வேண்டாம். டிரைவரைத் தள்ள விடாதீர்கள்.

பஸ் டிரைவர் இரண்டு தடவை படித்தார். "என்னையா எழுதியிருக்காரு?"

"வேற யாரு இருக்கா?" என்றாள் ரொட்டிக்கடைக்காரம்மா.

"செத்தும் வேலை வாங்கறாருய்யா," என்று சொல்லும்போதே பஸ் டிரைவரின் குரல் உடைந்தது. உடனே சிரிப்பாக மாற்றிக்கொண்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அத்தை நாற்காலியில் இருந்து எழுந்து வந்து, எழுத்தைப் பார்த்து, மூக்கை உறிஞ்சினாள்.

"முப்பத்தெட்டு நிமிஷம் வீண்னு எழுதினானே ஒருத்தன்," என்றாள். "அந்தப் பயலைக் கூட்டிட்டு வந்து இங்க நிக்க வைக்கணும். அந்த முப்பத்தெட்டு நிமிஷம்தான் பன்னு தின்னுட்டு நிக்குது."

தலைப்பக்கம் முதலில் போனது. தூக்கித்தான் வைத்தார்கள். பெட்டியின் தலை மாடத்துக்குள் போய் உட்கார்ந்ததும் கால்பக்கம் லிப்ட் கதவுக்கு உள்ளே நாலு விரல் இடம் மிச்சமிருந்தது. அளந்து செய்தது போல் இருந்தது. அளந்துதான் செய்திருப்பார். பக்கத்தில் ஒருவர் ஒருக்களித்து நிற்க இடம் இருந்தது.

"நீ போ," என்றாள் அத்தை. "நான் அடுத்த தடவை வர்றேன். அவனோட ஒரே லிப்ட்ல போனா ஏதாவது சொல்லுவான்."

மகள் உள்ளே போய் சுவரோடு ஒட்டி நின்றாள். கீழ்த் தளத்துப் பொத்தானை அமுக்கினாள். கதவு மூடியது. வெளியே படிகளில் தடதடவென்று கால்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. லிப்டை முந்திவிட வேண்டும் என்று அவர்கள் ஓடுகிறார்கள். தையல்காரர் யாரையோ இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நாலாவது மாடி, மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் லிப்ட் எப்போதும் போல ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்தக் குலுக்கலை மட்டும் அப்பா ஒருநாளும் சரிசெய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் எந்த மாடி என்று தெரிய வேண்டாமா என்பார். மகள் பெட்டி மேல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கீழே கதவு திறந்தபோது நாலு பேரும் மூச்சிரைக்க வரிசையாக நின்றார்கள். வண்டிக்காரர் மட்டும் மெதுவாக, கைப்பிடியைப் பிடித்து, மாடிக்கு மாடி நின்று இறங்கி வந்தார். அவரைத் தூக்க விடவில்லை. பெட்டியை வெளியே எடுத்து, கூடத்தைத் தாண்டி, வெயிலில் நின்ற வண்டிக்குக் கொண்டுபோனார்கள். "ரைட்ல ஒடிங்க, ரைட்ல," என்ற பஸ் டிரைவரின் குரல் தெரு வரைக்கும் கேட்டது.

"வாங்கம்மா, நேரமாச்சு," என்று கூப்பிட்டார் வாட்ச்மேன்.

"இதோ வந்துட்டேன்."

அவள் திரும்பி லிப்டுக்குள் போனாள். குனிந்து சின்னக் கதவைப் பிடித்தாள். கீலில் கை பட்டது. புது மசகு. விரலில் ஒட்டிக்கொண்டது. போட்டு மூன்று வாரத்துக்கு மேல் இருக்காது. நாற்பது வருஷத்துக் கதவு, ஒரு சத்தமும் இல்லாமல் மூடியது. ஸ்டிக்கரைப் பழைய இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒட்டவில்லை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். சாவியைத் துளையில் பொருத்தி, ஒரு திருப்புத் திருப்பிப் பூட்டினாள்.